ஓரா குத்திய ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை உங்கள் தூண்டில் நண்பர்கள் இரண்டு பேர் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதியதையெல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். கரையோர மீன்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பிடிப்பது என்பதுதான் விஷயம். அட்டையில் ஒரு பெரிய கொடுவா மீனை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். "சார் அளவுக்கு மீனைத் தெரிஞ்சவங்க இந்த டவுன்ஷிப்லயே கெடையாதும்மா" என்றார் மூத்தவர். காபி கொடுத்தேன். நன்றி சொன்னேன்.

அவர்கள் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். கழுத்தடியில் நூல் நூலாகத் தொங்கினால் அது காலா. கையில் எடுத்ததும் கீச்சென்று கத்தினால் கீச்சான். இரையைத் திருடுவதில் கெட்டிக்காரன். கிழங்கான் மணல் தரையை விட்டு மேலே வராது, இரை தரையில் கிடக்க வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும், அங்கே விரலைக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் 'என் அனுபவத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி நான் சொன்னது. மீதி என் தம்பி சொன்னது.

கல்யாணமாகி இந்த பிளாக்குக்குக் குடிவந்த முதல் வாரமே சொல்லிவிட்டீர்கள்: "யாராவது கேட்டா, அப்பா கடலூர்ல பிசினஸ்னு சொல்லிடு." கட்டுமரத்தில் போய் வலை போட்டு எங்களைப் படிக்கவைத்த அப்பா அன்றைக்குப் பிசினஸ்காரர் ஆனார். உங்கள் வீட்டையே எதிர்த்து, குப்பத்துப் பெண்ணான என்னைக் கட்டிக்கொண்டவர் நீங்கள். அந்த நன்றியில் நானும் தலையாட்டினேன்.

தானே புயலுக்கு அடுத்த வருஷம்தான் உங்களுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. ஆஃப் கிடைத்தால் போதும், பைக்கை எடுத்துக்கொண்டு கடலூர் முகத்துவாரத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள். ஆரம்பத்தில் செப்பிலியைக் கொண்டுவந்து சங்கரா என்றீர்கள். "சங்கராவுக்கு இவ்ளோ தடியா ஒடம்பு, இவ்ளோ பெரிய பல்லு ஏது? கல்லு சந்துல கெடக்குற செப்பிலி இது" என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டோவும் முதலில் சமையலறைக்குத்தான் வந்தது. எனக்குத் தெரியாததைத் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். அவனும் உற்சாகமாகச் சொல்லுவான்: "மாமாவ தண்ணி வத்த ஆரம்பிக்கிறப்ப போடச் சொல்லுக்கா. கொடுவா அப்பதான் வாய்க்கா வாயில காத்துகினு இருக்கும். உசுரோட மடவ மீனக் கோத்துப் போட்டா வுடாது." மறுநாள் குழுவில் அது உங்கள் அனுபவமாக வரும். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கிற பொருள், யார் எடுத்தால் என்ன என்று இருந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. உங்கள் ஷிப்டில் வேலை பார்க்கும் மூன்று பேர் குடும்பத்தோடு நம்மோடு கடற்கரைக்கு வந்திருந்தார்கள். நீங்கள் பாறைக்கற்கள் மேல் நின்று தூண்டில் போட்டீர்கள். கை அகலத்தில் பழுப்பாக ஒரு மீன் மாட்டியது. அது என்ன மீன் என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வெறுங்கையால் இறுக்கிப் பிடித்தீர்கள். ஓரா. முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. நீங்கள் போட்ட சத்தம் படகுகள் நிற்கிற இடம்வரை கேட்டது.

அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த என் தம்பி எட்டிப் பார்த்தான். டீக்கடையிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். உங்கள் கையைப் பிடித்து உள்ளே வைத்தான். "பொறுக்குற சூட்டுல அப்படியே வைங்க. ஓரா முள்ளு விஷம் சூட்டுக்குத்தான் எறங்கும்."

"யாரு சார் இவரு, தெரிஞ்சவரா?" என்று உங்கள் நண்பர் கேட்டார்.

"இல்லப்பா. லோக்கல் ஆளு" என்றீர்கள்.

தம்பி தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மூன்றடி தள்ளி, அதே கற்கள் மேல்தான் நின்றேன். என் தம்பி என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நண்பரின் மனைவி என் முழங்கையை இடித்து, "நாத்தம் கொமட்டுது இல்ல?" என்றாள். நான் சிரித்தேன்.

அவன் அதையும் பார்த்தான். "மேடம், கொஞ்சம் தள்ளிக்குங்க. சாருக்குக் காத்து வரட்டும்" என்றான். வலி குறைகிறவரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்து, வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றிவிட்டு, காலிப் பாத்திரத்தோடு போனான்.

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "நீயும்தான் பேசல" என்றீர்கள். அன்றைக்கே குழுவில் ஓரா முள்ளுக்கு வெந்நீர் வைத்தியம் எழுதினீர்கள். புத்தகத்தில் அதுவும் இருக்கிறது. என் அனுபவத்தில், என்று.

நம் மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் பஸ்ஸில் வந்தது. குறிஞ்சிப்பாடி வழியாக வருகிற பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று வாங்கி வந்தேன். மாமன் எங்கே என்று கேட்டவர்களிடம், "துபாய்ல இருக்காரு" என்றீர்கள்.

நீங்கள் போன அன்று அவன் வந்தான். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வாசலில் நின்றான். உங்கள் நண்பருக்கு முகம் அடையாளம் தெரிந்தது. "நீங்க அன்னிக்கு வெந்நி கொண்டாந்தவர் இல்ல? சாரை எப்படித் தெரியும்?"

"என் தம்பி" என்றேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "என் கூடப் பொறந்தவன்."

தம்பி புடவையை என் மடியில் வைத்தான். "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றான் மெதுவாக. உங்களைத் தூக்கிப்போகத் தோள் கொடுத்தான். சுடுகாட்டிலிருந்து அப்படியே ஊருக்குப் போய்விட்டான்.

உங்கள் மேல் எனக்கிருக்கிற கோபம் ஒருநாள் ஆறிப்போகலாம். இல்லாதவரோடு எத்தனை நாள் சண்டை போட முடியும்? அன்று அந்தக் கல்லின் மேல் நின்று சிரித்தவளோடுதான் எனக்குத் தீரவில்லை. அவளை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்தான். பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"நல்லாருக்கீங்களா?" என்று கேட்டான், முன்பின் தெரியாத ஒரு பெரிய மனுஷியைக் கேட்கிற மாதிரி.

"நல்லாருக்கேன்" என்றேன்.