பதினேழாவது வரிசை

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று ஷாமினிக்குப் பள்ளி இறுதி எஸ்.பி.எம். கணிதத் தேர்வு. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“பதினேழாவது கேள்விய அப்புறம் பாக்கலாம்னு விட்டேன்மா. ஆனா விடைத்தாள்ல பதினெட்டோட வட்டத்தைப் பதினேழாவது வரிசைலயே கறுப்பாக்கிட்டேன். அதுலேர்ந்து எல்லாமே ஒண்ணு தள்ளிப் போச்சு. கடைசில ஒரு வரிசை மிச்சம் இருந்தப்பதான் தெரிஞ்சுது. அழிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு.”

தெரியாததைத் தாண்டிப் போ என்று காலையில் சொல்லி அனுப்பியது நான்தான். அந்த வரிசையைக் காலியாக விடு என்று சொல்லத் தோன்றவில்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கேள்வித்தாளில் அவள் வட்டமிட்டிருந்த விடைகளைப் படம் எடுத்து டியூஷன் டீச்சருக்கு அனுப்பினேன். நாற்பதில் முப்பத்தெட்டு சரி என்று பதில் வந்தது. பாழாய்ப்போன மனசு, ஒரு நொடி சந்தோஷப்பட்டது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு இனி... எழுத வரவில்லை.

படுக்கும்போது டீச்சர் சொன்னதை அவளிடம் சொன்னேன். போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்ப எனக்குக் கணக்குத் தெரியும்தானே மா?”

“தெரியும்லா” என்று விளக்கை அணைத்தேன். என் முகத்தை அவள் பார்க்க வேண்டாம்.