அம்மாவைப் புதைத்த இடம்

இயேசு மரி சூசை

மரக்காணம்
29.12.2005

அன்புள்ள மகன் ஆண்ட்ரூசுக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தங்கை ஜான்சியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்த வருஷ மழைக்கு உப்பளம் பூராவும் ஏரியாகக் கிடக்கிறது, பக்கத்து வீட்டுக் கொளஞ்சி வேலையில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறான். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஜான்சி கொஞ்சம் கேக் மட்டும் வாங்கி வந்தாள், அதுவும் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நீ போன் பண்ணியபோது நான் சரியாகப் பேசவில்லை என்று ஜான்சியிடம் வருத்தப்பட்டாயாம். பேச வாய் வரவில்லையப்பா, அதனால்தான் எழுதுகிறேன்.

நிவாரண வேலைக்கென்று திறந்த எங்கள் ஆபீசில் சாமான் வாங்குகிற பிரிவை நான்தான் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆடி மாசம் போல ஓர் உத்தரவு வந்தது, இனி அரசாங்கப் பணத்தில் வாங்குவது எதுவும் மண்ணையும் கடலையும் கெடுக்கக் கூடாது, விலை குறைவு என்பதை மட்டும் பார்த்து வாங்காதே என்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சுனாமிக்குப் பிறகு வந்த தண்ணீர் பாக்கெட்டும் தட்டும் கவரும் உப்பளத்து வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அதனால் முதல் வருஷ நினைவு நாளுக்கு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கினேன். டீக்கு மண் குவளை, சாப்பாட்டுக்குத் தைத்த இலை, பேனருக்குத் துணி, மலர்வளையத்துக்குப் பிரம்மதேசம் ஊர்ப் பெண்களிடம் பனையோலை வளையம். எங்கள் மேடம், நல்ல பெண்தான், எல்லார் எதிரிலும் இராயப்பன் சார் மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க என்று சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சுனாமியில் செத்தவர்களைப் புதைத்த நினைவிடத்தைச் சுத்தம் செய்கிற வேலையையும் ஓர் ஆளுக்குக் கொடுத்தோம். எந்தப் பிளாஸ்டிக்கும் அங்கே இருக்கக் கூடாது என்று மற்ற உத்தரவுகளில் போட்ட அதே வரியை அதிலும் போட்டோம். கப்பும் கவரும்தான் என் கண்ணில் இருந்தது.

நீ வந்து பார்க்காதவன், அதனால் சொல்கிறேன். சவுக்குத் தோப்பு ஓரம் பொதுக்குழியில் யாருக்கும் தனியாகக் கல்லும் கிடையாது பேரும் கிடையாது. அன்றைக்குத் தூக்கிப் போட்ட அவசரத்தில் யாரை எங்கே இறக்கினார்கள் என்று நின்று பார்த்தவர்கள் மட்டும் அந்தந்த இடத்தில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டு அதில் பிளாஸ்டிக் மாலையைக் கட்டி வைத்தோம். உப்புக் காற்றில் நிஜப் பூ பொழுது சாயும்வரைகூடத் தாங்காது. உன் அம்மா ஆனந்தம்மாளுக்கு நான் கட்டியது நீலப் பூ மாலை. அனுமந்தை ஊர்க்காரி லூர்துமேரி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் சிவப்பிலும் மஞ்சளிலும் கட்டியிருந்தாள்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் மெழுகுவர்த்தி வைக்கப் போனேன். மாலையும் இல்லை குச்சியும் இல்லை, நெல்லடிக்கிற களம் மாதிரி மட்டமாகப் பெருக்கிவிட்டிருந்தார்கள். சுத்தம் செய்த ஆள் உத்தரவுப்படிதான் செய்திருந்தான், அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஜான்சியைக் கூட்டிக்கொண்டு குப்பை கொட்டுகிற இடத்துக்கு ஓடினேன். கிளறினோம், நீல மாலை கிடைத்தது. இடம் கிடைக்கவில்லை ஆண்ட்ரூஸ். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தோப்பை அளந்து அளந்து நடந்தேன், இந்த மரத்துக்கு நேரா, அந்த மரத்துக்கு நேரா என்று. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் நின்றேன்.

மறுநாள் நினைவு நாள் கூட்டத்தில் லூர்துமேரி என்னிடம் வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அண்ணே, பெரிசு எந்தப் பக்கம் சின்னது எந்தப் பக்கம்னு இப்ப நான் எங்கன்னு போய்த் தேடுவேன் என்று மட்டும் கேட்டாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாம நடந்துடுச்சும்மா என்று அழுதார். அப்புறம் அவள் பூக்கூடையை எடுத்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரு கைப்பிடி இடம் விடாமல் தூவிக்கொண்டே போனாள், நானும் பின்னால் போனேன். உத்தரவு தப்பில்லை, அது இப்போதும் என் மனசுக்குத் தெரியும். ஆனால் அதைத் தெரிந்து நான் என்ன செய்யட்டும்.

அம்மா முகத்தை நீ கடைசியாகப் பார்க்கவில்லை. அவள் மண்ணையாவது தொட்டுக் கும்பிட வேண்டும் என்றுதான் சண்டை போட்டு லீவு வாங்கினாய். அந்த மண் முழுக்க அவள்தான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

மாதா உன்னைக் காக்கட்டும், கை கால் சுகத்தோடு வந்து சேர். டிக்கெட் தேதியை மறக்காமல் போனில் சொல், சென்னைக்கு நானே வருகிறேன். என்னைத் திட்டுவதென்றால் அங்கேயே திட்டிவிடு, வீட்டுக்கு வந்து ஜான்சி எதிரில் வேண்டாம். குழிக்குப் போனதும் அம்மா எங்கேப்பா என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் அப்பா
ம. இராயப்பன்