மேடையில் மைக் வேண்டாம்

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு. ஹால்காரர் மதியம் வருவார். அப்பா அம்மா காதுல விழாம வாசல்லயே பேசி அனுப்பு. மேடையில நாற்காலி போதும், மைக் வேண்டாம்.

நேத்து நீ கத்தினது இன்னும் ஆறல. அம்பதாவது கல்யாண நாள்லயாவது அவங்களை ஒருத்தரோட ஒருத்தர் பேச வைக்கிறேங்கிற. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "கண்ணாடி எங்கன்னு உங்கம்மாவைக் கேளு"ன்னு இத்தனை வருஷமா நம்ம வாயாலதானே பேசிக்கிறாங்க? ஊரைக் கூட்டி அவங்க மானத்தை வாங்காதே.

அக்கா

பி.கு: சீட்டை ஃபிரிட்ஜ்ல ஒட்டப் போனேன். சமையக்கட்டுல ரெண்டு பேரும் இருந்தாங்க. அப்பா அம்மாவை நேராப் பார்த்துச் சொல்றார்: "பிள்ளைங்க நமக்குத் தெரியாம விழா வைக்குதுங்க. அன்னைக்கு நாம எங்கயாவது போயிடலாமா?"

அம்மா, "என் செருப்பு வார் அறுந்து கெடக்கு, முதல்ல அதைத் தைச்சுக்கிட்டு வாங்க"ன்னாங்க.

சத்தம் போடாம திரும்பிட்டேன். அதான் சீட்டு உன் ஷூவுக்குள்ள.

ஹால் வேண்டாம்னு சொல்லிடு. அம்மா செருப்பு வாசல்ல கெடக்கும். நீ எடுத்துட்டுப் போய்த் தைச்சுடாதே. அப்பா போகட்டும்.