பூவரசில் கட்டியிருந்த கயிறு

பாய்,

நீங்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிட்டார்கள். அவிழ்க்கக்கூட இல்லை, அறுத்துவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் படகுத்துறைக்காரர்களின் வேலை. கேட்காமல் செய்தது ஒரு தப்பு, குப்பையில் போட்டது இன்னொரு தப்பு. அதை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஈரத் தேங்காய் நாரின் வாடை இன்னும் போகவில்லை. மிதவைக்காக நீங்கள் கோத்திருந்த காலி எண்ணெய் கேன்கள் நான்கில் இரண்டுதான் கிடைத்தன.

நீங்கள் கண்ணை மூடிய இரண்டு வருடத்தில் இந்த இடம் நிறைய மாறிவிட்டது. அப்போது நம்மிடம் என்ன இருந்தது? துபாயிலிருந்து திரும்பி வந்து நீங்கள் போட்ட வாடகை சைக்கிள் கடை. என் வயலோர மூங்கிலில் நான் செய்துகொடுத்த தூண்டில்கள். சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்துவிட்டு மன்னார்குடி கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் இறங்குவார்கள். கரையோரம் சைக்கிள் ஓட்டுவார்கள், கெண்டை பிடிப்பார்கள், படித்துறையில் குளிப்பார்கள். பிடித்த மீனை உடனே தண்ணீரில் விடச் சொல்லி ஒரு சென்னை அம்மாள் என்னோடு சண்டைக்கு வந்தாரே! இப்போது அன்னம் மாதிரி மிதிபடகு ஓடுகிறது, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு நிற்கிறது. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. என் வழக்கு கயிற்றைப் பற்றியது மட்டும்.

முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வாய்க்கால் இது. முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருக்கும். மேலே மதகு பார்க்கிற லஸ்கர் அதைத் தூக்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் மார்பளவு வந்துவிடும். படித்துறையைத் தாண்டியதும் வாய்க்கால் சாலைக்கு அடியில் குழாய்க்குள் நுழைகிறது. ஊர்க்காரனுக்கு இது தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. அதனால் குழாய்க்குப் பத்தடி முன்னால், இந்தக் கரைப் பூவரசிலிருந்து அந்தக் கரை இரும்பு முளைக்கு நீங்கள் கயிறு கட்டினீர்கள். நான் கரையில் நின்று சிரித்தேன்.

"என்ன பாய், எருமை கட்டவா?"

"எருமைக்கு நீச்சல் தெரியும்ணே" என்றீர்கள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த நாள். ஒரு விருந்தாளியின் கையிலிருந்து தூண்டில் நழுவிப் போனது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினேன். மதகு திறந்தது எனக்குத் தெரியவில்லை. இழுப்பில் கால் பாவவில்லை. ஒரு வாய் தண்ணீர், அப்புறம் அக்குளில் கயிறு. நீங்கள் பாய்ந்து வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டீர்கள். சுற்றி நின்றவர்கள் பதறிப்போய்க் கேட்டபோது, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்:

"ஒண்ணுமில்லங்க. கயிறு தாங்குதான்னு அண்ணன் எறங்கிப் பாத்தாரு. தாங்குது."

ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குக் கேட்க வாய் வந்தது. "எப்படி பாய் தெரியும்?"

"மூணாவது படிக்குக் கீழ நீங்க எறங்குனதே இல்லியேண்ணே."

வாய்க்கால் கரையில் பிறந்து எழுபது வயது தாண்டியவனுக்கு நீச்சல் தெரியாது என்பதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

முந்தாநாள் படகுத்துறை மேனேஜரிடம் போனேன். நல்ல பையன்தான். நாற்காலி போட்டான்.

"போட்டோல அந்த கேனெல்லாம் அசிங்கமா விழுதுங்க. லைஃப் ஜாக்கெட் குடுக்குறோமே, பெரியவரே."

"அது படகுல ஏறுறவனுக்கு. படித்துறையில குளிக்கிறவனுக்கு?"

"குளிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம்."

"இந்தத் தண்ணியப் பாத்துட்டுக் குளிக்காமப் போனவன நான் பாத்ததில்ல தம்பி."

"நீங்கல்லாம் இங்கயே நீந்தி வளந்தவங்க. கயித்துல தொங்கித்தான் ஒருத்தர் பொழைக்கணுமா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கமாக நானும் சிரித்து வைப்பேன். அன்றைக்கு எழுந்து நின்றேன். "நான் பொழச்சேன். எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். சிரிப்பு நின்றது. நீங்கள் இத்தனை வருடம் கட்டிக்காத்ததை நானே அவிழ்த்துவிட்டேன், பாய். பொறுத்துக்கொள்ளுங்கள். கயிற்றுக்கு வேறு சாட்சி இல்லை.

மேலே கேட்டுச் சொல்வதாக மேனேஜர் சொன்னான். கேட்கட்டும். செய்ய வேண்டியதை நான் எழுதிப் படகுத்துறை வாசலில் ஒட்டிவிட்டேன். மேனேஜர் புதுக் கயிறு வாங்க வேண்டும். அழகு வேண்டுமென்றால் கேன்களுக்கு அவனே வண்ணம் அடித்துக்கொள்ளட்டும். லஸ்கர் மதகில் கை வைப்பதற்கு முன்னால் படகுத்துறைக்கு ஒரு போன் போட வேண்டும். ஆடிப்பெருக்குக் கூட்டம் வருவதற்குள் பஞ்சாயத்து அந்தக் கரை முளையை சிமென்ட் போட்டு நிறுத்த வேண்டும். உங்கள் முடிச்சு தெரிந்த ஒரே ஆள் உங்கள் மகன். குவைத்திலிருந்து வீடியோ காலில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். கயிறு பூவரசில் ஏறும்வரை நான் தினமும் மூன்றாவது படியில் உட்கார்ந்து, குளிக்க இறங்குகிற ஒவ்வொருவரிடமும் எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்ல வேண்டும்.