கவருக்குள் ஒரு டிக்கெட்

இன்று காலை லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது லோடு சீட்டைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினேன். கையில் வந்தது நீ அனுப்பிய டிக்கெட். பாலிதீன் கவருக்குள் இருந்தும் உப்புக் காற்றில் நமத்துப்போயிருக்கிறது. பாரிஸ், லியோன் என்ற ஊர்ப்பெயர்கள் மட்டும் இன்னும் தெரிகின்றன. நீ இறந்து நான்கு மாதமாகிறது. இருந்தும் அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, வயிற்றெரிச்சல்.

நம் இருவரில் ரயில் பைத்தியம் நான்தானே? மரக்காணத்தில் தண்டவாளமே கிடையாது என்பதால் லீவு நாளில் பஸ் பிடித்துத் திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போய் உட்காருவோம். எந்த வண்டி எப்போது வரும், எத்தனை பெட்டி என்று நான் ஒப்பிப்பேன். நீ வேர்க்கடலை தின்றுகொண்டு, "எது வந்தா என்னடா, நாம ஏறவா போறோம்" என்பாய். அப்படிப்பட்ட உனக்குத்தான் 2004இல் உன் சித்தப்பாவின் பாரிஸ் ஓட்டலில் வேலை கிடைத்தது. நான் உப்பளத்திலேயே நின்றேன்.

உன் முதல் கடிதம் ஆறு பக்கம். அந்த நாட்டுத் தண்டவாளமெல்லாம் பாரிஸிலிருந்துதான் பிரிகிறதாம், நம் பெரிய வாய்க்காலிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் பிரிவதுபோல. கிழக்கிலிருந்து மேற்கே போகிறவனும் பெரும்பாலும் பாரிஸுக்கு வந்துதான் வண்டி மாற வேண்டுமாம். லியோன் வண்டி போன வேகத்தில் பக்கத்து மரங்களைப் பார்க்கவே முடியவில்லையாம். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் பக்கத்தில் உன் தவறை எழுதியிருந்தாய். அங்கே ஏறுமுன் நாமேதான் மஞ்சள் மெஷினில் டிக்கெட்டைச் செருகி முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். உனக்கு அது தெரியவில்லை. நம் கடற்கரையில் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை நமத்துப்போகாமல் கவரில் போட்டு வைப்பதுபோல, நீயும் டிக்கெட்டைக் கவரில் போட்டு, மடித்து, இடுப்பில் பத்திரப்படுத்தியிருக்கிறாய். பரிசோதகர் கேட்டதும் பெருமையாக எடுத்து நீட்டினாய். முத்திரை இல்லையென்று அபராதம். பெட்டியே உன்னைத் திரும்பிப் பார்த்ததாம். "கூனிக் குறுகிட்டேன்டா. இது உனக்கு மட்டும்" என்று எழுதி, டிக்கெட்டையும் கவரோடு வைத்து அனுப்பியிருந்தாய்.

மறுநாளே அந்தப் பக்கத்தை டீக்கடையில் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு டீ ரொம்பவும் ருசித்தது. உனக்குக் 'கவரு' என்று பெயர் விழுந்தது.

அடுத்த வருடம் லீவில் வந்தாய். டீக்கடையில் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர் ஒருவர், "ஏம்பா கவரு, இப்பவாச்சும் டிக்கெட்ட குத்துறியா?" என்று கேட்டார். நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாய். பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்து, "உனக்கு மட்டும்தானடா எழுதினேன்" என்றாய். தமாஷுக்குத்தான் சொன்னேன் என்று மழுப்பினேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கென்று நீ கொண்டுவந்திருந்த பிரான்ஸ் ரயில் வரைபடம் என் கையில் விரிந்து கிடந்தது. அதில் நீ போய்வந்த ஊர்களையெல்லாம் பேனாவால் வட்டமிட்டிருந்தாய். அந்த வட்டங்களைப் பார்த்ததும் எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

நீ திரும்பிப் போன பிறகு இரண்டு கடிதம் வந்தது. வண்டிகள் நேரத்துக்கு வருகின்றன, சீட் நன்றாக இருக்கிறது, எல்லாரும் சுகமா. ஊரைக் கூட்டி வாசித்தாலும் குறையில்லாத கடிதங்கள். பிறகு உன் தங்கை வந்து, நெஞ்சுவலி என்றும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

டீக்கடையில் இப்போதும் உன் பேச்சு வருகிறது. "பாவம், நம்ம கவரு" என்கிறார்கள். அந்தப் பெயர் யாரால் வந்தது என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அதனால்தான் டிக்கெட்டைச் சட்டை மாற்றும்போதெல்லாம் பை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

நீ பார்த்த ரயில்களை நினைத்தால் இன்றும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட இன்னொன்று எரிகிறது. அந்தக் கடைசி இரண்டு கடிதங்களிலும் சொல்லாமல் அங்கே நீ எங்கெல்லாம் தடுமாறினாயோ எனக்குத் தெரியாது. அதையெல்லாம் சொல்ல உனக்கு வேறொருவன் கிடைத்திருந்தால், அவன்மேல்தான் எனக்கு இப்போது பெரிய பொறாமை.