மாலை போட்ட கேஸ் அடுப்பு

அண்ணா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். உன் ரூமில் இருக்கும் அரியமுத்து அண்ணனிடம்கூட வேண்டாம். அவர் அன்றைக்கு ராத்திரியே பெண்டாட்டிக்கு போன் போட்டுவிடுவார், அந்த அக்கா மறுநாள் பால் வாங்கப் போகும்போது தெரு முழுக்கச் சொல்லிவிடும், மதியச் சோற்றுக்குள் அம்மா காதுக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு எனக்குச் சோறு கிடையாது. படித்ததும் கிழித்துப் போடு. கிழித்த துண்டுகளையும் அங்கேயே போட்டு வைக்காதே, நீ சட்டையைக் கழற்றிப் போடும் லட்சணம் எனக்குத் தெரியும்.

அன்புள்ள அண்ணன் தமிழ்மாறனுக்கு உன் தங்கை ஜோதி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், அங்கு உன் நலத்துக்கு மாரியம்மன் துணை என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, அம்மா சொல்லச் சொல்ல உனக்கு எழுதியே பழகிய கை இது. ஆனால் இந்தத் தடவை அப்படி மொத்தமாக எழுத முடியவில்லை, பிரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா நலம். மாடு நலம், கன்று போட இன்னும் நாள் இருக்கிறது. நானும் நலம், இயற்பியலில் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அம்மாவைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதமே. செல்லமுத்து அண்ணன் விடியற்காலை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், அவர் பையில் உனக்கு முந்திரிப்பருப்பும் அதிரசமும் போகின்றன. பார்சலின் மேலேயே அம்மாவின் கடிதம் இருக்கும், இது பருப்புப் பொட்டலத்துக்கு அடியில் மடித்துக் கிடக்கும். அம்மாவின் கடிதத்தில், ‘எனக்கு ஒரு குறையும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறேன்’ என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதையும் எழுதியவள் நான்தான், இதையும் எழுதுகிறவள் நான்தான். இரண்டில் இதை நம்பு.

அப்பா உன்னைப் பற்றி ஆண்டிமடம் கடைத்தெருவில் பேசுவதை நீ கேட்க வேண்டும். என் மகன் ஓமனில் சூரியனைப் பிடித்துக் கம்பியில் விடுகிறான் என்கிறார். சோலார் தகட்டைத் துடைத்து நட்டு முடுக்குகிற வேலை என்று நீ சொன்னதை நான் ஞாபகப்படுத்தினால் முறைக்கிறார். தா.பழூர் பெண் வீட்டார் மறுபடி ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அம்மாவுக்கு முழுச் சம்மதம். பெண் உன்னைவிடக் கொஞ்சம் உயரமாம், அதனால் நிச்சயதார்த்தப் போட்டோவை உட்கார வைத்தே எடுத்துவிடலாம் என்று அம்மா இப்போதே முடிவு செய்துவிட்டது. நீ வெயிலில் நிற்கும்போது தலையில் துண்டைக் கட்டு, தண்ணீர் குடி, ராத்திரி ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள் உனக்குப் புத்தி சொல்வது அதிகம்தான், அம்மாவுக்காக எழுதி எழுதி இந்த வாய் எனக்கும் வந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தாயே கேஸ் அடுப்பு, அது நன்றாக இருக்கிறது. வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைக்கிறது, சிலிண்டருக்குக் கதம்பம் சுற்றுகிறது, தை மாதம் பெரிய மாலையே போட்டது. சமையல் மட்டும் அதில் நடப்பதில்லை. புள்ள வெயிலில் வெந்து வாங்கிக் கொடுத்தது, அவன் வந்து இறங்குகிற அன்றைக்கு அவனுக்குத் தோசை ஊற்றித்தான் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் அதைக் கரியாக்க மாட்டேன் என்பது அம்மாவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வரும்போது பின்னால் நீலமாக எரிகிறதே, அது உனக்காகப் பற்ற வைப்பது, நீ போனை வைத்ததும் அணைத்துவிடும். குழம்புச் சட்டியைப் பின்கட்டு விறகடுப்பிலிருந்து தூக்கிவந்து அதன் மேல் வைத்துக் கிண்டுவது போலக் கிண்டும். இந்தப் படத்துக்குக் கேமரா நான்தான். விறகடுப்பு தெரியாதபடி போனை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. போன வாரம் சிக்னல் இல்லை என்று படம் திடீரென்று கூரையைக் காட்டியதே, அது சிக்னலால் இல்லை அண்ணா, பின்கட்டில் பால் பொங்கிவிட்டது.

பின்கட்டில் எரிவது வெறும் விறகும் இல்லை. அம்மா கொட்டை உடைக்கப் போகிற கொட்டகையில் முந்திரி ஓட்டைச் சும்மா கொடுக்கிறார்கள், மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த ஓட்டில் எண்ணெய் இருப்பதால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், புகைதான் கறுப்பாக வந்து தொண்டையில் உட்காரும். நான் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொள்வேன், அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து ஊதும். விறகில் வைத்த கருவாட்டுக் குழம்புதான் ருசி என்று தட்டை நீட்டிக் கேட்டவளும் இந்த ஜோதிதான்.

போன மாதம் அம்மாவால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்படி ஏற முடியவில்லை. நடுவில் நின்று குடத்தை வைத்துவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல மூச்சு வாங்கியது. மாசியில் என்ன மழை. எனக்கு யூனிபார்ம் எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மாவை அரியலூருக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார், ஊதியதைப் பார்த்துவிட்டு, “எவ்ளோ வருசமா பீடி குடிக்கிறீங்கம்மா?” என்று கேட்டார். அவ்வளவுதான், அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டது. வயசுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறான், இவனெல்லாம் என்ன படித்தான் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரைந்துகொண்டே வந்தது, அந்த இரைச்சலிலும் பாதி இருமல். மருந்துச் சீட்டுக்காக நான் பின்தங்கியபோது டாக்டர் என்னிடம் சொன்னார். இது பீடியால் வரவில்லை என்றால் அடுப்பால் வந்தது, போன நுரையீரல் திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், புகையை இப்போதே நிறுத்தினால் அம்மா என் பிள்ளையையும் தூக்கி வளர்ப்பார், நிறுத்தாவிட்டால் நான் காலேஜ் முடிப்பதைப் பார்ப்பாரா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் ஏறியதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது. “அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீன்னா இந்தத் தல இருக்காது பாத்துக்க. அவன் வேலைய வுட்டுட்டு ஓடியாந்துருவான், வந்த சம்பந்தமும் போயிரும்” என்றது. நானும் சத்தியம் என்று சொல்லிவிட்டேன். நான் அறிவியல் குரூப் அண்ணா. தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தைக்கும் இதயத் துடிப்புக்கும் தொடர்பில்லை என்று பரீட்சையில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவேன். ஆனாலும் இதை எழுதும்போது இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு, அம்மா இருமுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். சொன்னால் அம்மா செத்துப்போகும் என்கிறது சத்தியம், சொல்லாவிட்டால் செத்துப்போகும் என்கிறார் டாக்டர். ஒரு வழி கண்டுபிடித்தேன், சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன், எழுத மாட்டேன் என்று செய்யவில்லையே. மாரியம்மன் இதை ஒப்புக்கொள்ளுமா என்று தெரியாது, கடிதம் போய்ச் சேரும் வரைக்கும் விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். திறக்க வைத்தது பெரம்பலூர் அறிவியல் கண்காட்சி. உன்னை வைத்துத்தான் தலைப்புப் பிடித்தேன், ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் மனிதனின் ஆயுட்காலமும்’. ஒவ்வொரு நாடும் சூரியன், காற்று, தண்ணீர் போன்றவற்றிலிருந்து எவ்வளவு ஆற்றலை எடுக்கிறது, அங்கே மக்கள் சராசரியாக எத்தனை வயது வாழ்கிறார்கள் என்று இரண்டையும் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தேன். நார்வே, ஐஸ்லாந்து எல்லாம் உச்சியில் போய் உட்கார்ந்தன, எனக்கு ஒரே பெருமை. காங்கோவும் சோமாலியாவும்தான் வம்பு செய்தன. பட்டியலில் அவர்களுக்குத்தான் புதுப்பிக்கத்தக்க பங்கு எல்லோரையும்விட அதிகம், ஆயுள் மட்டும் கீழே கிடந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று இரண்டு நாட்டையும் ரப்பரால் அழித்துவிட்டேன். பின்கட்டில் அம்மா இருமுகிற சத்தம் கவனத்தைக் கெடுக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் இதையெல்லாம் வரைந்தேன். ஆயுட்காலம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் அல்லவா, அமைதி வேண்டாமா.

அட்டையின் நடுவில் நீ சோலார் தகட்டின் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிற போட்டோவை ஒட்டியிருந்தேன். நடுவராக வந்த சசிகலா டீச்சருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, உங்கள் வீட்டில் எதில் சமைக்கிறீர்கள் என்று சும்மா கேட்டார். கேஸ் என்றேன். பக்கத்து மேசையில் பாக்யலட்சுமி மண்புழு உரம் வைத்திருந்தாள், அவளுக்கு அடக்க முடியவில்லை. “பொய் சொல்றா டீச்சர். அவங்க வூட்டு கேசுக்கு மாலை போட்டு வச்சிருக்காங்க, சமையலெல்லாம் வெறகுலதான்” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்துவிட்டார். “அப்ப நூத்துக்கு நூறு நீங்கதாம்மா. வெறகும் புதுப்பிக்கத்தக்கதுதான, மரம் மறுபடி மொளைக்குதுல்ல. நார்வேக்காரனே ஒங்க வூட்டுக்கிட்ட நிக்க முடியாது. அம்மாவுக்கு ஆயுசு கெட்டிதான?” என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்டது. நான் அழித்த இரண்டு புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாடுகளில் ஜனங்கள் எதை எரிக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பட்டியலில் பிழையே இல்லை அண்ணா, அது நம் பின்கட்டுதான்.

எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது, ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். அம்மா அதைத் தெருவெல்லாம் காட்டியது, என் மகள் ஆயுசைக் கூட்டுகிற வழி கண்டுபிடித்திருக்கிறாள் என்று. காட்டும்போது நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது.

ஆகவே நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன், ஒழுங்காகக் கேள். ஓடி வராதே, வந்தால் நான் சொன்னதாகத் தெரிந்துவிடும், சம்பந்தமும் கெடும். உடம்பு எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்கவும் கேட்காதே, கல்லு மாதிரி என்றுதான் பதில் வரும். வருகிற ஞாயிறு வீடியோவில் பேசும்போது சும்மா விளையாட்டாக, அந்தச் சட்டியைத் தூக்கி அடியைக் காட்டு என்று சொல். கேஸில் ஏறிய பாத்திரத்தின் அடி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், நம் சட்டியின் அடிக்கரியில் விரலால் பெயர் எழுதலாம். அப்புறம் நீயாகக் கண்டுபிடித்தது போல ஆகிவிடும், நான் கேமராவை நேராகத்தான் பிடிப்பேன், கை தவறிவிட்டது என்று திட்டு வாங்கிக்கொள்கிறேன். பிறகு கோபப்படாதே, கோபப்பட்டால் அம்மா அழும், அழுதால் இருமும். இதை மட்டும் சொல். நான் வரும்போது முழு சிலிண்டர் இருந்தால் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விடுவேன், அது காலியான அன்றைக்குத்தான் டிக்கெட் போடுவேன் என்று சொல். நீ வருவாய் என்றுதான் அம்மா அதைத் தொடாமல் வைத்திருக்கிறது. டாக்டர் சொன்னால் கேட்காது, நான் சொன்னால் டிபன் பாக்ஸால் அடிக்கும், நீ வர வேண்டும் என்பதற்காக என்றால் நாளைக்கே சிலிண்டர் தீரும் வரைக்கும் வெந்நீர் வைத்துக்கொண்டே இருக்கும்.

கடிதத்தை முடிக்கும்போது அம்மா உனக்குக் கொடுக்கிற ஆசீர்வாதத்தை நான் கொடுக்க முடியாது, உன்னைவிடச் சின்னவள். இருந்தாலும் அம்மா சொல்வதையே எழுதிவிடுகிறேன், கை கால் சுகத்தோடு, கண் நிறைந்த பெண்டாட்டியோடு நூறு வயசு இருப்பாய். அந்த நூறில் கொஞ்சத்தை அம்மாவுக்குத் தர முடிந்தால் தந்துவிடு. செல்லமுத்து அண்ணனுக்கு எதுவும் தெரியாது, அவரிடம் எதையும் கேட்டுவைக்காதே. ஞாயிற்றுக்கிழமை சட்டியின் அடி, மறந்துவிடாதே. பதில் எழுதாதே, எழுதினால் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவளும் நான்தான், எனக்குச் சரியாகப் பொய் படிக்க வராது.

இப்படிக்கு உன்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். விளக்கெரிவதைத் திட்ட வரவில்லை அண்ணா, படுக்க முடியவில்லையாம், முதுகை நீவிவிடக் கூப்பிடுகிறது. போறேன்