அளந்த தண்ணீர்

வைகாசி 5, திங்கள்
காலை ஏழுக்கே வெயில். அவர் காலில் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. வெயில்தான் காரணமாம். எதற்கெடுத்தாலும் இவருக்கு வெயில். நாளை டாக்டரிடம் வராவிட்டால் நான் தறியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.
வாங்க: துவரம்பருப்பு, உப்பு, அப்பளம்.

வைகாசி 6, செவ்வாய்
ஆரணி பஸ்ஸில் நிற்க இடமில்லை. ரத்தம், சிறுநீர், ஸ்கேன். மாலையில் முடிவு. கிட்னி. இரண்டுமே பாதிக்கு மேல் கெட்டிருக்கிறதாம். வருஷக்கணக்காகக் கல் வந்து வந்து போனது, கவனிக்காத பிரஷர், எல்லாம் சேர்ந்து. மீதியையாவது காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டயாலிசிஸ். இத்தனை வருஷமாக ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.
மாத்திரையும் சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்தார்கள். சீட்டைப் படிக்காமல் பையில் திணித்தேன்.

வைகாசி 7, புதன்
தறி ஓடவில்லை. யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் வீட்டில் கக்கூஸ் இல்லை. பகலில் ஏரிக்கரைப் பக்கம் போக எனக்கு வெட்கம். உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்க்கிற கோர்வைச் சேலைக்கோ இரண்டு பேர் வேண்டும். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து சேலை உடலுக்கு ஊடுநூல் நாடாவை விடுவார், நான் வலப்பக்கம் இருந்து கரைக்கு. ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். அதனால் மதியச் சாப்பாடு வரை யாருக்கும் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டது நான். பட்டில் சொட்டு விழுந்தால் கறை என்று ஒரு சாக்கு வேறு. கக்கூஸ் கட்டிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சட்டத்தை எடுக்கத் தோன்றவில்லை. நல்ல மனுஷன், வாயைத் திறந்து ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

வைகாசி 8, வியாழன்
எதிர்வீட்டு அக்கா சொன்னபடி: காலை இளநீர். பத்து மணிக்கு வாழைத்தண்டுச் சாறு. மோர். சொம்பு சொம்பாகத் தண்ணீர். மறுபடி இளநீர். மறுக்காமல் குடித்தார். எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

வைகாசி 10, சனி
வீக்கம் முகத்துக்கு ஏறிவிட்டது. மூச்சு வாங்கியது. ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஊசி. என்னென்ன கொடுத்தேன் என்று நர்ஸிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.
"அதெல்லாம் கிட்னி நல்லா கீறப்ப குடிக்கணும்மா. கெட்டப்புறம் தண்ணியும் அளவுதான். இளநி இவருக்கு ஆவவே ஆவாது."
பையில் கசங்கிக் கிடந்த சீட்டிலும் அதுவேதான்.
அவருக்கு: தண்ணீர், காபி, மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர். உப்பு பாதி. ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. காய் வேகவைத்து நீரை வடிக்க.
எனக்கும் டெஸ்ட். இதுவரை ஒன்றுமில்லை. தாகத்துக்குக் காத்திருக்காமல் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், கீரை, காய் கூட்ட வேண்டும். இனிமேல் குடித்தால் எனக்கு உதவும். எனக்கு மட்டும்.

வைகாசி 13, செவ்வாய்
வீக்கம் வடிகிறது. அளந்து ஊற்றிய தண்ணீர் பாட்டில் அவர் பக்கத்திலேயே. மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிக்கிறார். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு பேச்சு வருவதில்லை. அதைப் பார்த்துவிட்டு எனக்கு எப்படி இறங்கும்? மூன்று நாளாக நான் அடுப்படியில்கூடச் சரியாகக் குடிப்பதில்லை. அவருக்குத் தெரியாது.

வைகாசி 14, புதன்
மேகம், மழை இல்லை. மறுபடி தறி, கொஞ்ச நேரம் மட்டும். நான் கரை நாடாவை விட்டேன். அவர் விடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். பயந்துபோய் என்ன செய்கிறது என்று கேட்டேன்.
"அளவு எனுக்குத்தான். உனுக்கு யாரு அளவு போட்டது? மூணு நாளா பாத்துகினுதான் கீறேன். நீயும் படுத்துக்கினா நான் இன்னா பண்றது? போய் எடுத்துகினு வா. என் எதிர்ல குடி."
சொம்போடு வந்து நின்றுகொண்டே குடித்தேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினேன். சொம்பைக் கீழே வைத்தேன்.
"இன்னொரு சொம்பு" என்றார்.